தண்ணீர் படாத திருமேனி... தைலம் காக்கும் ரகசியம்!

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 15 கி.மீ. தொலைவில் உள்ளது சமயபுரம். கண்ணனூர் என்ற பழம்பெயர் கொண்ட இந்தத் தலத்தில், அண்டி வந்தோரின் வினை தீர்க்கும் அன்னையாக அருள்பாலிக்கிறாள் மாரியம்மன். மாசி மாதக் கடைசி ஞாயிறன்று பூச்சொரியல் தொடங்கிவிட்டால், 28 நாட்கள் அன்னையே தன் பிள்ளைகளுக்காகப் பச்சைப் பட்டினி இருக்கிறாள். அந்த நாட்களில் துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான் அவளுக்கு நைவேத்தியம்.

இங்கே அடிக்கடி வந்து தரிசிக்கும் பெண்கள்கூட கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. மற்ற கோயில்களில் மூலவருக்குப் பால், தயிர், தேன், சந்தனம் என்று குடம் குடமாக அபிஷேகம் நடக்கும். சமயபுரத்தில் மூலவர் அம்மனுக்கு அபிஷேகம் கிடையாது, உற்சவர் அம்மனுக்குத்தான்! காரணம், கருவறையில் வீற்றிருக்கும் அன்னையின் திருமேனி கருங்கல்லால் ஆனதல்ல. மூலிகைகளால் ஆனது என்பது ஐதீகம்.

கொள்ளிடத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வாருங்கள். அங்கேயும் இதே கதைதான்! பள்ளிகொண்ட பெரிய பெருமாளின் திருமேனி சுதையால் ஆனது. அவருக்கும் திருமஞ்சனம் இல்லை. உற்சவரான நம்பெருமாளுக்கே திருமஞ்சனம். சமயபுரத்தாளுக்கு ஸ்ரீரங்கநாதர் அண்ணன் முறை. தைப்பூசத்தன்று கொள்ளிடக் கரைக்கு எழுந்தருளும் தங்கைக்கு, அண்ணன் வீட்டிலிருந்து பட்டும் மாலையும் சீராக வருவது இன்றும் தொடரும் வழக்கம். உறவில் மட்டுமல்ல... தண்ணீர் படாத திருமேனி என்பதிலும் இந்த அண்ணனும் தங்கையும் ஒன்றாகவே இருக்கிறார்கள்!

அப்படியானால், நூற்றாண்டுக் கணக்கில் இத்தகைய திருமேனிகள் உலர்ந்து, வெடித்து, உதிர்ந்து போகாமல் இருப்பது எப்படி? தெய்வ சாந்நித்யம் ஒருபுறம் இருக்க, நம் முன்னோர் கையாண்ட தைலம், அரக்கு, குங்கிலியம், மெழுகு, பிசின் ஆகியவற்றின் குணத்தை இன்றைய ரசாயனமும் வியந்து ஒப்புக்கொள்கிறது. அதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், கோயிலிலும் நம் வீட்டுப் பூஜையறையிலும் நாம் செய்ய வேண்டியது எது, செய்யக்கூடாதது எது என்பது தானே விளங்கிவிடும்.

சுதைக்குள்ளே என்ன இருக்கிறது?

'சுதை' என்றால் வெறும் சுண்ணாம்பு என்று நினைத்துவிடாதீர்கள். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டு, தண்ணீரில் நீற்றி, மணல் சேர்த்து அரைப்பார்கள். அதில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் சேர்ப்பது நம் ஸ்தபதிகளின் வழக்கம். பலகாரத்துக்குப் பாகு சேர்ப்பது போல வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் அதில் பெரிய சூட்சுமம் உண்டு.

நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி, மறுபடியும் கல்லாகவே மாறுகிறது. இது அவசர அவசரமாக நடந்தால் கலவை விரிசல் விடும். வெல்லத்தில் உள்ள சர்க்கரை, சுண்ணாம்போடு சேர்ந்துகொண்டு அந்த வேகத்தைக் குறைக்கிறது. கலவை வெண்ணெய் போலக் குழைந்து, கண், இமை, விரல் நுனி என்று நுணுக்கமாக வடிக்க இடம் கொடுக்கிறது. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் என்ற பொருள், கலவையை இறுக்கமாக்கிப் பிடிப்பைக் கூட்டுகிறது.

மூலிகைத் திருமேனி என்றால் இன்னும் ஒரு படி மேலே. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமியின் மூலத் திருமேனி 'கடுசர்க்கரை யோகம்' என்ற கலவையால் ஆனது. மண், குங்கிலியம் போன்ற மரப்பிசின்கள், மூலிகைக் கஷாயங்கள், சர்க்கரை எல்லாம் சேர்ந்த பக்குவம் அது. உள்ளே எலும்பு போல மரச்சட்டம். அதன் மேல் நரம்பு போலத் தேங்காய் நார். அதற்கும் மேல் தசை போலக் கலவை! அங்கேயும் மூலவருக்கு அபிஷேகம் இல்லை. சாற்றிய பூக்களைக்கூட மயிற்பீலியால்தான் மென்மையாக அகற்றுவார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி.

இப்போது புரிகிறதல்லவா, ஏன் அபிஷேகம் இல்லை என்று? சர்க்கரையும் பிசினும் தண்ணீரில் இளகும். பாலில் புரதமும் கொழுப்பும் சர்க்கரையும் உள்ளன. நுண்துளைகளில் அவை தங்கினால் பூஞ்சைக்கு விருந்து வைத்தது போல. தயிரிலும் எலுமிச்சையிலும் பழங்களிலும் உள்ள அமிலங்களோ சுண்ணாம்பையே அரித்துவிடும். கல்லுக்குக் குளிர்ச்சி தருவது சுதைக்குக் கேடாக முடியும். 'இந்தத் திருமேனிக்கு இது ஆகாது' என்று வகுத்த சாஸ்திரம், பொருளின் குணம் அறிந்தே வகுத்திருக்கிறது!

தைலக்காப்பின் மகிமை

தண்ணீர் ஆகாது... சரி, வேறு என்ன செய்வது? அதற்குத்தான் தைலக்காப்பு!

ஸ்ரீரங்கத்தில் ஆனி மாதம் கேட்டை நட்சத்திரத்தில் ஜேஷ்டாபிஷேகம் நடைபெறும். அதையொட்டிப் பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பு சாற்றப்படுகிறது. சந்தனம், அகில், சாம்பிராணி முதலான வாசனைப் பொருள்களைக் கொண்டு பரம்பரையாக வரும் முறைப்படி தயாராகும் தைலம் அது. காப்பு உலர்ந்து பதமாகும் வரை 48 நாட்கள் பெருமாளின் திருமுகத்தை மட்டுமே தரிசிக்கலாம். திருவடி தரிசனம் கிடையாது.

'உலர்வதற்கு 48 நாளா?' என்று கேட்கிறீர்களா? எண்ணெய் உலர்வதும் ஈரத்துணி உலர்வதும் ஒன்றல்ல. துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது. எண்ணெய் எங்கும் போவதில்லை. இருந்த இடத்திலேயே மாறுகிறது!

நம் சமையலறையிலேயே இதற்குச் சாட்சி உண்டு. அடுப்புக்கு மேலே உள்ள எக்ஸாஸ்ட் ஃபேனைத் தொட்டுப் பாருங்கள். தாளிக்கும்போது பறந்த எண்ணெய், சில மாதங்களில் பழுப்பு நிறப் பிசுக்காக ஒட்டியிருக்கும். அது இப்போது எண்ணெய் போல வழியாது. தண்ணீர் விட்டாலும் போகாது. எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு வலை பின்னிவிட்டன. அதுதான் பிசுக்கு.

எல்லா எண்ணெயும் இப்படிச் செய்யாது. தேங்காய் எண்ணெயில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு, இன்னொன்றோடு கை கோக்காத கொழுப்பு அமிலங்கள். அதனால் எத்தனை நாளானாலும் அது உலர்ந்து ஏடாகாது. நல்லெண்ணெய் நடுத்தரம், பாதி உலரும். ஆளி விதை எண்ணெய்தான் இதில் முதலிடம். மெல்லிய பூச்சாகத் தடவினால் சில நாட்களிலேயே கண்ணாடி போன்ற ஏடாகிவிடும். ஐரோப்பிய ஓவியர்கள் தங்கள் எண்ணெய் வண்ணங்களை இதில் குழைத்ததும், தச்சர்கள் மரச்சாமான்களுக்கு லின்சீட் ஆயில் பூசுவதும் இதனால்தான்.

தைலத்தில் சேரும் வாசனைப் பொருள்களும் மணத்துக்காக மட்டும் சேர்வதில்லை. சந்தனத் தைலத்தில் பெரும்பகுதி சாண்டலால் என்ற பொருள்; பூச்சிகளுக்கு அந்த வாடை ஆகாது. ஜாவா, சுமத்ரா தீவுகளிலிருந்து அந்நாளில் கப்பலேறி வந்த சாம்பிராணியில் பென்சாயிக் அமிலம் உண்டு. அந்தப் பெயரே சாம்பிராணியின் ஐரோப்பியப் பெயரிலிருந்து பிறந்ததுதான். கடையில் வாங்கும் ஸ்குவாஷ் பாட்டிலிலும் ஜாம் பாட்டிலிலும் 'சோடியம் பென்சோயேட்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்களே... பூஞ்சை பிடிக்காமல் காப்பதற்காகச் சேர்க்கும் அதே குடும்பத்துப் பொருள்!

அகிலின் கதை இன்னும் நெகிழ வைப்பது. நல்ல நிலையில் உள்ள அகில் மரத்துக்கு அவ்வளவு மணம் இல்லை. காயம் பட்டு, உள்ளே பூஞ்சை புகுந்த பிறகுதான், தன்னைக் காத்துக்கொள்ள மரம் கருமையான பிசினைச் சுரக்கிறது. அந்தப் பிசின் ஊறிய கட்டைதான் மணக்கிறது. தன் புண்ணை ஆற்றிக்கொள்ள மரம் சுரந்த மருந்தையே, இறைவனின் திருமேனியைக் காக்கவும் எடுத்துக்கொண்டார்கள் நம் பெரியோர்.

அஷ்டபந்தனம்: எட்டு மருந்தின் கூட்டணி

கல் விக்ரகங்களுக்கும் ஒரு பிசின் கவசம் உண்டு. கும்பாபிஷேகத்தின்போது 'அஷ்டபந்தன மருந்து சாற்றுதல்' என்று பத்திரிகையில் போட்டிருப்பார்கள். பீடத்தையும் விக்ரகத்தையும் இணைக்கும் மருந்து அது. பீடத்தின் அடியில் யந்திரத் தகடும் நவரத்தினங்களும் இருக்கும். அங்கே அபிஷேகத் தீர்த்தம் ஒரு துளியும் இறங்கக்கூடாது. சிமென்ட் என்ற பெயரே கேள்விப்படாத காலத்தில் இதற்கு நம்மவர்கள் கண்ட வழிதான் அஷ்டபந்தனம்.

கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய், செம்பஞ்சு, சுக்கான் கல், காவிக்கல், ஜாதிலிங்கம் ஆகிய எட்டையும் சேர்த்து, பதம் வரும்வரை இடித்து இடித்துத் தயாரிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

கொம்பரக்கு: புரசு, இலந்தை போன்ற மரங்களின் கொம்புகளில் வாழும் சின்னஞ்சிறு பூச்சி தன் உடலைச் சுற்றிச் சுரக்கும் பொருள். சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். ஒட்டும் சக்தி அதிகம்.

குங்கிலியம்: மரத்தின் பிசின். தண்ணீரில் கொஞ்சமும் கரையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கிடைக்கும் வெள்ளைக் குங்கிலியத்தின் உறவுக்காரப் பிசின்களைத்தான், 'டம்மர்' என்ற பெயரில் ஐரோப்பிய ஓவியர்கள் தங்கள் படங்களுக்கு மேல்பூச்சாகப் பூசினார்கள்.

தேன்மெழுகு: ஏறக்குறைய 63 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் உருகும். தண்ணீரை அண்ட விடாது. ஆண்டுகள் பல ஆனாலும் கெடாது.

எருமை வெண்ணெய்: அரக்கும் குங்கிலியமும் மட்டும் இருந்தால் மருந்து கண்ணாடி போல நொறுங்கிவிடும். வெண்ணெயின் கொழுப்பு இடையே புகுந்து, பிசைந்த மாவு போல நெகிழ்வு தருகிறது. சப்பாத்தி மாவில் நெய் விட்டுப் பிசைவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

செம்பஞ்சு: இழை இழையாக ஊடுருவி, மருந்து வெடிக்காமல் இழுத்துப் பிடிக்கிறது.

இந்த ஐந்தும் உயிரினங்கள் தந்தவை. மீதி மூன்றும் மண்ணும் கல்லும் தந்தவை. சுக்கான் கல் சுண்ணாம்பு வகை. காவிக்கல் இரும்புச் சத்துள்ள மண். இவை இரண்டும் கலவைக்கு உடம்பு கொடுக்கின்றன. ஜாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. பூச்சி புழுவை அண்ட விடாது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. அஷ்டபந்தனம் நிரந்தரமானது அல்ல! வெண்ணெயின் நெகிழ்வு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். மருந்து விறைத்து, விளிம்பில் கீறல் விடும். அதனால்தான் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய மருந்தை எடுத்துவிட்டுப் புது மருந்து சாற்றிக் கும்பாபிஷேகம் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. பழைய மருந்தை எடுக்கும்போது விக்ரகத்துக்கோ பீடத்துக்கோ சேதம் வராது. கட்டவும் வேண்டும்... வேண்டும்போது அவிழ்க்கவும் வேண்டும். அதுதான் நல்ல பந்தனம்!

அவிழாத கட்டு செய்த வினை

அவிழ்க்க முடியாத கட்டு என்ன செய்யும் என்பதற்கு, இதே அரக்கு சம்பந்தப்பட்ட உண்மைக் கதை ஒன்று உண்டு.

உலகப் புகழ்பெற்ற அஜந்தா குகை ஓவியங்கள் அந்நாளில் ஹைதராபாத் நிஜாமின் ஆட்சிக்குள் இருந்தன. அவற்றைப் பாதுகாக்க இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்ற இரண்டு நிபுணர்களை வரவழைத்தார் நிஜாம். 1920 முதல் 1922 வரை அவர்கள் வேலை செய்தார்கள். உதிர்ந்துகொண்டிருந்த பூச்சுகளை ஒட்டவைத்தார்கள். ஓவியங்களின் மேல் அரக்கு வார்னிஷ் பூசினார்கள். பூசியவுடன் வண்ணங்கள் பளிச்சென்று மின்னின. எல்லோருக்கும் மகிழ்ச்சி!

ஆனால் காலம் செல்லச் செல்ல, அரக்கு தன் குணத்தைக் காட்டியது. புதிய அரக்கு ஸ்பிரிட்டில் எளிதாகக் கரையும். பழைய அரக்கோ, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கரைய மறுத்து அடம் பிடிக்கும். வார்னிஷ் மஞ்சளாகி, பழுப்பாகி, தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு, போதிசத்துவர்களின் முகத்தையே மறைத்தது. அதைத் துளித் துளியாக அகற்றும் வேலையில் இந்தியத் தொல்லியல் துறையின் ரசாயன நிபுணர்கள் பல பத்தாண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது.

அந்த இத்தாலியர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அன்றைக்குச் சிறந்தது என்று தெரிந்ததைத்தான் செய்தார்கள். பீடத்தின் இடுக்கில் இருக்கும் அரக்கு வேறு; ஓவியத்தின் முகத்தில் பூசிய அரக்கு வேறு. இடம் மாறியதும் மருந்தே நோயாகிவிட்டது!

தஞ்சையில் ஒரு மறுபிறவி

இதற்கு மாறாக, நம் தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்தது என்ன தெரியுமா?

கருவறையைச் சுற்றியுள்ள உள் சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் ராஜராஜ சோழன் காலத்து ஓவியங்கள் ஒளிந்திருப்பதை, 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே ரசாயனப் பாதுகாப்புக் கூடம் ஏற்பட்டிருந்தது. அதன் நிபுணரான எஸ். பரமசிவன், தஞ்சை ஓவியங்கள் எந்த முறையில் தீட்டப்பட்டவை என்று துருவித் துருவி ஆராய்ந்தார். சித்தன்னவாசல் ஓவியங்களையும் ஆராய்ந்தவர் அவர்.

ஏன் முதலில் ஆராய வேண்டும்? சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே தீட்டிய ஓவியம் என்றால், வண்ணம் சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாகிவிடும். கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும். சுவர் உலர்ந்த பிறகு வேப்பம் பிசினோ வேலம் பிசினோ சேர்த்துத் தீட்டியது என்றால், ஈரத்துணி பட்டாலே கரைந்து கையோடு வந்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கலாமா?

பின்னாளில் தொல்லியல் துறையினர் சில பகுதிகளில் மேலே இருந்த நாயக்கர் ஓவியங்களைப் பக்குவமாகப் பிரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் பதித்தார்கள். கீழே இருந்த சோழர் ஓவியங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. மேலே இருந்ததும் பிழைத்தது. கீழே இருந்ததும் பிழைத்தது!

இப்படிப்பட்ட வேலைகளுக்கு இன்று உலகெங்கும் அதிகம் பயன்படும் பிசின்களில் ஒன்று 'பாராலாய்ட் பி-72'. ஆலையில் தயாராகும் அக்ரிலிக் வகைப் பிசின் இது. தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், எளிதில் மஞ்சளாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடலாம். நாளைக்கு இதைவிடச் சிறந்த மருந்து வந்தால், இதை எடுத்துவிட்டு அதைப் போடலாம் அல்லவா? 'போட்டதைத் திரும்ப எடுக்க முடிய வேண்டும்' என்பது இன்றைய பாதுகாப்புக் கலையின் முதல் விதி. நம் அஷ்டபந்தனம் 12 ஆண்டுக்கு ஒருமுறை சொல்வதும் அதைத்தானே!

சிமென்ட், எபாக்ஸி பசை, எனாமல் பெயின்ட் எல்லாம் இந்த விதிக்குப் பொருந்தாதவை. உறுதியாக இருப்பதே அவற்றின் குறை! சுதை மூச்சு விடும். ஈரம் உள்ளே போகும், வெளியே வரும். அதன் மேல் எனாமல் பெயின்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். மேலே பளபளப்பு இருக்கும்போதே, உள்ளே சுதை பொடிப்பொடியாகும். ஸ்ரீரங்கத்தில் 2015 கும்பாபிஷேகத்துக்கு முன் நடந்த திருப்பணியில், பிற்காலத்தில் சேர்ந்த கட்டுமானங்களை அகற்றிப் பழைமையை மீட்டார்கள். 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது வரிசையில் தகுதி விருது அந்தக் கோயிலைத் தேடி வந்தது. புதிதாகக் கட்டுவது மட்டும் திருப்பணி அல்ல; வேண்டாததை விலக்குவதும் திருப்பணிதான்!

நம் கையால் நடப்பது

இதெல்லாம் ஸ்தபதிகளும் அதிகாரிகளும் பார்த்துக்கொள்ள வேண்டியது, நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? கோயிலுக்கு அதிகம் போவது பெண்கள். தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும், குங்குமம் வைப்பதும், விளக்கேற்றுவதும் நாம்தான்.

அர்ச்சகர் முறைப்படி சாற்றும் தைலக்காப்பு வேறு. நாம் தூணில் துடைக்கும் எண்ணெய் வேறு. விளக்கில் விட்டு மீந்த நல்லெண்ணெயைப் பக்கத்துச் சிற்பத்தில் தடவிவிட்டு வருகிறோம். எக்ஸாஸ்ட் ஃபேனில் நடந்த அதே கதைதான் அங்கேயும் நடக்கும். எண்ணெய் பிசுக்காகி, தூசியும் குங்குமமும் விபூதியும் அதில் அப்பி, சிற்பத்தின் கண்ணும் மூக்கும் மூடிப்போகும். பிறகு திருப்பணியின்போது அதைச் சுரண்டத்தான் வேண்டும். மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்து, நகைகளின் நுணுக்கமும் விரல்களின் நளினமும் தேய்ந்துபோன தூண்கள் நம் தமிழகக் கோயில்களில் உண்டு. அந்தப் பாவத்தில் நம் எண்ணெய்க் கைக்கும் பங்கு உண்டல்லவா?

கற்பூரமும் அப்படியே. எரிந்தபின் மிச்சமில்லாமல் கரைவது என்று அதற்குப் பெருமை. ஆனால் கார்பன் நிறைந்த பொருள் என்பதால் அது கரும்புகை கக்கியபடி எரிகிறது. நம் கண்ணுக்கு மறைந்த கற்பூரம், விதானத்து ஓவியத்தில் கரியாகப் படிந்திருக்கிறது! பல கோயில்களில் கர்ப்பக்கிரகத்தில் நெய் தீபம் மட்டும் காட்டுவது இதை உத்தேசித்துத்தான்.

வீட்டுப் பூஜையறையில்...

பாட்டி காலத்துத் தஞ்சாவூர்ப் படம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பலாப் பலகை, அதன் மேல் துணி, புளியங்கொட்டைப் பசை, சுண்ணாம்புப் பொடியும் பிசினும் கலந்த மேடு, தங்க ரேக்கு, கற்கள் என்று அடுக்கடுக்காக உருவானது அது. தஞ்சாவூர்ப் படமும் சுதைத் திருமேனி போலத்தான், தண்ணீருக்கு ஆகாது!

* ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பசையும் பிசினும் ஊறி, ரேக்கு எழும்பிவிடும். கண்ணாடிக்கு மேலே துடைப்பதானாலும் துணியை நன்றாகப் பிழிந்துகொண்டு துடையுங்கள். ஓரத்தில் நீர் இறங்கக்கூடாது.

* எலுமிச்சை, புளி, பாத்திரம் துலக்கும் பொடி எதுவும் வேண்டாம். அமிலம் சுண்ணாம்பை அரிக்கும். பொடி தங்கத்தைத் தேய்க்கும்.

* பளபளப்புக்காக வார்னிஷ் அடிக்காதீர்கள். அஜந்தாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

* படத்துக்கு நேர் கீழே கற்பூரமோ ஊதுவத்தியோ வேண்டாம். இரண்டடி தள்ளி வைத்தாலும் சுவாமி ஏற்றுக்கொள்வார்.

* வெயில் நேராக விழும் சுவரிலும் ஈரம் கசியும் சுவரிலும் மாட்டாதீர்கள். படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று போக இடம் இருக்கட்டும்.

* கொலு முடிந்து பழைய மண் பொம்மை, காகிதக் கூழ் பொம்மைகளை எடுத்து வைக்கும்போது கழுவாதீர்கள். மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டி, பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

* கல் உதிர்ந்தாலோ ரேக்கு எழும்பினாலோ, கையில் கிடைத்த ஃபெவிகாலால் ஒட்டாமல், உதிர்ந்ததைச் சிறு டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். விவரம் தெரிந்தவரிடம் காட்டும்வரை படம் அப்படியே இருக்கட்டும். உதிர்ந்ததைப் பிறகு ஒட்டிவிடலாம். தப்பாக ஒட்டியதைப் பிரிப்பதுதான் கஷ்டம்.

அடுத்த முறை சமயபுரம் போகும்போது, அன்னையின் திருமுகத்தைக் கண் குளிரத் தரிசியுங்கள். பச்சைப் பட்டினி இருந்து பிள்ளைகளைக் காக்கிற தாய் அவள். அவளுடைய திருமேனிக்கு எது ஆகும், எது ஆகாது என்று அறிந்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றித் தந்திருக்கிறார்கள் நம் முன்னோர். அண்ணன் அரங்கனுக்குத் தைலக்காப்பு சாற்றும் 48 நாட்களில் திருவடி தரிசனம் கிட்டவில்லையே என்று மனம் வருந்த வேண்டாம். நம் பேரன் பேத்திகளும் அந்தத் திருவடியைக் காண வேண்டும் என்பதற்காகவே அந்தக் காத்திருப்பு!

கைகளைக் கூப்புவோம், தூணில் தடவாமல் இருப்போம். அதுவும் அன்னைக்கு நாம் செய்யும் கைங்கர்யமே. சமயபுரத்தாள் எல்லோரையும் காப்பாள்!